வலது கை ஆடவில்லை

அவருக்கு நடப்பதுதான் வேலை. சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். "உக்காந்து சம்பாதிக்கிறவனப் பாத்திருக்கேன், ஓடியாடிச் சம்பாதிக்கிறவனப் பாத்திருக்கேன். சும்மா போயிட்டு வந்து சம்பாதிக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்று முடிவெட்டுகிறவர் கேலி செய்வார். இவரும் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பொறாமப்படாம காது பக்கம் பாத்து வெட்டுங்க" என்பார். அப்போதெல்லாம் இவர் சிரித்தால் அது முகத்தில் தெரியும்.

ஒரு நாளில் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும் கைப்பட்டைகளைச் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. பட்டை சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், நிஜமான ஒரு மனிதர் நிஜமாகவே நடந்து காட்ட வேண்டும். அதற்குத்தான் அவர். அதற்கு முன் வெகுகாலம் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தக் கம்பெனிக்கே ஒரு பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். இளம் இன்ஜினியர்.

"ஐயா, அந்தக் கதவு வரைக்கும் இன்னொரு தடவ போயிட்டு வர்றீங்களா?"

எதையோ எடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்களோ என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டு வந்தார். அந்தப் பெண் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சீரா யாரும் நடந்து நான் பாத்ததில்ல. எங்ககிட்ட வேலைக்கு வர்றீங்களா?"

அப்படித்தான் அவர் நடையண்ணன் ஆனார். கம்பெனியில் வாசல் காவலர் முதல் மேலாளர் வரை அந்தப் பெயர்தான்.

இரண்டாவது மாடியில் நீண்ட ஒரு கூடம். தரையில் நீலக் கோடு. ஓரத்தில் நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் ஓடுபொறி ஒன்று, மரப்படிகள், ஒரு தள்ளுவண்டி, ஒரு கழுவு தொட்டி. இரண்டு மணிக்கட்டிலும் பட்டையைக் கட்டிக்கொண்டு அவர் கோட்டின்மேல் நடப்பார். பக்கத்திலேயே ஒரு பெண்மணி கையில் எண்ணும் கருவியோடு நடந்து வருவார். அவர் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அமுக்கு அமுக்குவதால் அவருக்கு டிக்டிக் என்று பெயர். இரண்டு பிள்ளைகளின் தாய், வாய் ஓயாமல் பேசக்கூடியவர். ஆனால் எண்ணும்போது மட்டும் பேச மாட்டார். மூலையில் கேமரா எல்லாவற்றையும் படம் பிடிக்கும்.

நடப்பதென்றால் வெறும் நடையில்லை. பட்டையை இறுக்கிக் கட்டி ஒரு நடை, தொளதொளவென்று விட்டு ஒரு நடை. மணிக்கட்டு எலும்பின் மேல் ஒரு நடை, அதற்கு ஒரு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டி இன்னொரு நடை. பையைத் தூக்கிக்கொண்டு, பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு. வண்டியைப் பிடித்தால் கை ஆடாது. கை ஆடாவிட்டால் பட்டை பாதி அடிகளை விழுங்கிவிடும். உட்கார்ந்த இடத்தில் கைதட்டினாலோ, பாத்திரம் தேய்த்தாலோ நடந்ததாகக் கணக்கு ஏற்றிவிடும்.

"இதுக்குக் காலே தெரியாது, அண்ணே. கையப் பாத்துத்தான் காலக் கணக்குப் பண்ணுது" என்று இன்ஜினியர் ஒருமுறை சொன்னார். "அதனாலதான் நீங்க வேணும். உங்க நடைதான் எங்களுக்கு அளவுகோல்."

அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொன்னார். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தார். "அளவுகோல் சார், அந்தத் துணியக் கொஞ்சம் காயப்போடறீங்களா?" என்று அன்று முழுக்கச் சீண்டினார்.

ஒரே மகள். தானாகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் தீட்டுகிற பையன். முதலில் அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு மாதம் அதைப் பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை. பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போய், பார்வை மங்குகிறது என்று பொய் சொல்லி உட்கார்ந்தார். பையன் யாரென்று தெரியாமலே அவருக்கு மிகப் பொறுமையாகப் பரிசோதனை செய்து, "ஐயா, உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம், வீணா வாங்காதீங்க" என்று திருப்பி அனுப்பினான். வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "அந்தப் பையனையே கட்டிக்கோம்மா" என்றார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. வினை புகைப்படங்களோடு வந்தது.

படங்கள் வந்த அன்று மகள் அவற்றை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் பரப்பினாள். மாப்பிள்ளை சிரிக்கிறான், மாப்பிள்ளையின் பெற்றோர் சிரிக்கிறார்கள், மனைவி கண்ணீரோடு சிரிக்கிறார். அவர் மட்டும் ஒவ்வொரு படத்திலும் கல்லாக நின்றார். வாய் இறுகி, கண் எங்கோ வெறித்து.

"ஏம்ப்பா, சம்மதம்னு சொன்னீங்கல்ல? அப்புறம் ஏன் இப்படி? யாரோ வழிப்போக்கன் வந்து நிக்கிற மாதிரி?"

"நான் சந்தோஷமாத்தாம்மா இருந்தேன்."

"இதுவா சந்தோஷம்? என் மாமியார் அன்னிக்கே கேட்டாங்க, உங்கப்பாவுக்கு இஷ்டமில்லையான்னு. எனக்கு எங்க மூஞ்சிய வச்சிக்கறதுன்னே தெரியல. ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துல சிரிச்சிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோயிருக்கும்?"

அவர் விளக்கம் சொல்லப் பார்த்தார். சொல்லும்போதும் முகம் அப்படியேதான் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்தது. படங்களை வாரிக்கொண்டு எழுந்து போனாள். அதன் பிறகு அம்மாவிடம் மட்டும் போனில் பேசினாள்.

மனைவியும் மகள் பக்கம்தான். "உர்ருன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே இருக்கீங்க. வீட்டுக்குள்ள பேச்சு இல்ல, சிரிப்பு இல்ல. மனசுல எதையோ வச்சுப் பூட்டிக்கிட்டுத்தான இருக்கீங்க?" இப்படிக் கேட்டுக் கேட்டு, நாளடைவில் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே தனக்கு இஷ்டமில்லையோ, அடிமனசில் ஏதோ வன்மம் உட்கார்ந்திருக்கிறதோ, தனக்குத் தெரியாமல் அது முகத்தில் வந்து நிற்கிறதோ என்று தன்னையே குடைந்துகொண்டார். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் பயமாக இருந்தது.

அது நடந்து இரண்டு வருஷம் ஆயிற்று. கம்பெனியில் புதுப் பட்டை ஒன்று வெளிவரும் நேரம். எல்லோரும் தலைகீழாக நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடையண்ணன் கோட்டின்மேல் நடந்தார். இடது கைப் பட்டை சரியாகச் சொன்னது. வலது கைப் பட்டை அடிகளை விழுங்கியது.

வேறு பட்டையைக் கட்டினார்கள். அதுவும் விழுங்கியது. இடதையும் வலதையும் மாற்றிக் கட்டினார்கள். அப்போதும் வலதில் இருந்ததுதான் குறைத்துச் சொன்னது. மென்பொருளில் கோளாறு என்று ஒருவர் சொல்ல, உள்ளே இருக்கும் உணர்கருவியில் கோளாறு என்று இன்னொருவர் சொல்ல, அறைக்குள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாத குறை. நடையில் கோளாறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அளவுகோலை யார் அளந்து பார்ப்பார்கள்?

கடைசியில் டிக்டிக் அந்தப் பட்டையை வாங்கித் தன் வலது கையில் கட்டிக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வந்தார். அடி பிசகாமல் காட்டியது.

"அண்ணே, கொஞ்சம் என் முன்னாடி நடங்க." கருவியைப் பையில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். பாதிக் கோட்டிலேயே நின்றுவிட்டார். "அண்ணே... உங்க வலது கை ஆடவே இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"சத்தியமா. உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏதோ ஃபைலக் கக்கத்துல வச்சிருக்கற மாதிரி."

இன்ஜினியர் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். திரையில் தன் நடையை அவர் பார்த்தார். இடது கை எப்போதும் போல முன்னும் பின்னும் போய் வந்தது. வலது கை முழங்கையில் மடங்கி அப்படியே தொங்கியது. அவர் மனசுக்குள் அந்தக் கையும் வீசிக்கொண்டுதான் இருந்தது. திரையில் இருந்த மனிதர் வேறு யாரோ.

"தூக்கத்துல கை மரத்துப்போயிருக்கும், மேடம். நாளைக்குச் சரியாயிடும்" என்றார்.

இன்ஜினியர் திரையை அணைத்துவிட்டார். அவருடைய குரல் மாறியிருந்தது. "அண்ணே, நான் டாக்டர் இல்ல. ஆனா நீங்க ஒரு நரம்பு டாக்டரப் பாக்கணும். இந்த வாரமே. அண்ணியையும் கூட்டிட்டுப் போங்க."

நரம்பு மருத்துவர் அவரைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். இடது கை படபடவென்று தட்டியது. வலது கை நாலு தட்டுக்குள் சோர்ந்தது. ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஆயிற்று. வெளியே தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவரோட முகத்துல ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா? எப்பவும் கோபமா இருக்கற மாதிரி, சிரிப்பே இல்லாத மாதிரி?"

மனைவி கையிலிருந்த மருந்துச் சீட்டு உறையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பார்கின்சன்னு பேரு. நடுக்கம் வந்தாத்தான் தெரியும்னு நினைப்பாங்க. சில பேருக்கு முதல்ல கை வீசறது நின்னுபோகும். முகமும் அப்படித்தான். உள்ள இருந்து உத்தரவு வரும், தசைக்குப் போய்ச் சேராது. மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. வெளிய தெரியாது. வீட்ல உள்ளவங்க தப்பா எடுத்துக்குவாங்க."

"நான் இவரத் திட்டிக்கிட்டே இருந்தேனே, டாக்டர்" என்றார் மனைவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நடையண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்குமா, சார்?"

"கண்டிப்பா இருந்திருக்கும். மெதுவா வர்ற நோய் இது."

படியிறங்கும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலேயும் கீழேயும் ஆட்கள் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நான் சந்தோஷமாத்தான் இருந்திருக்கேன்" என்றார் மனைவியிடம். "பாத்தியா? நான் சந்தோஷமாத்தான் இருந்திருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி போனை எடுத்தார். அவர் தடுத்தார். மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். "வயித்துல புள்ளயோட இருக்கறவகிட்ட இதச் சொல்லி அழ வைக்கவா? பொறக்கட்டும்." போனைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "அதுவும் போக, இப்பப் போய்ச் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். நோயக் காட்டிக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும். எனக்கு அப்படி வேண்டாம்" என்றார். மனைவி அரைமனதாகச் சரி என்றார். மகளோடு போனில் பேசும்போது ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினார்.

கம்பெனியில் அவரை வைத்துக்கொள்ள இன்ஜினியர் எவ்வளவோ போராடினார். "கை வீசாம நடக்கறவங்க ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. வாக்கர் பிடிச்சு நடக்கறவங்க, நோயாளிங்க. அவங்க நடையையும் பட்டை எண்ணத்தான வேணும்? அதுக்கு இவர் இருக்கட்டும்" என்று கேட்டார். மேலிடத்தில் காது கொடுத்துக் கேட்டார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கிடங்கில் உட்கார்ந்து பட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சின்னஞ்சிறு கொக்கிகள் கைநழுவித் தரையில் உருண்டன. ஒருநாள் தேநீர் நேரத்தில் கூடத்துப் பக்கம் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீலக் கோட்டின்மேல் வேறொருவர் நடந்துகொண்டிருந்தார். நல்ல நடைதான். பக்கத்தில் டிக்டிக் எண்ணிக்கொண்டே வந்தார். நடையண்ணனைப் பார்த்ததும் டிக்டிக்கின் விரல் நின்றுவிட்டது. எண்ணிக்கை தவறியது. அவர் அங்கே பணியாற்றிய இத்தனை காலத்தில் டிக்டிக் எண்ணிக்கை தவறியது அந்த ஒரு தடவைதான்.

அந்த வாரமே வேலையை விட்டு நின்றார். போகும்போது ஒரு பட்டையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவரும் பழக்கத்தில் வலது கையிலேயே கட்டிக்கொண்டார். சில மாதங்களில் அந்தக் கையில் நடுக்கம் வந்தது. ஒரு மாலை மனைவி வேலையிலிருந்து வந்தபோது, பட்டை துள்ளித் துள்ளி அதிர்ந்து, இன்றைய நடையை முடித்துவிட்டீர்கள், பாராட்டுகள் என்று காட்டியது. அவர் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மனைவி அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

பேத்தி பிறந்தாள். மருத்துவமனைக்குப் போகும்போது அவர் சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். வழி நெடுக பஸ் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து உதட்டை இழுத்து இழுத்துப் பழகினார். மனைவி பார்க்காததுபோல் இருந்தார்.

மாப்பிள்ளை குழந்தையை அவருடைய இடது கையில் வைத்தான். உள்ளங்கைச் சூடாக ஒரு சின்ன உயிர். அவருக்குள் என்னவெல்லாமோ பொங்கியது. மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி இப்போதுதான் பார்க்கிறாள். காத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"இவளப் பாத்துமாப்பா உங்களுக்குச் சிரிப்பு வரல?"

குரலில் கோபம் இல்லை. இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்கிற குரல். அதைத்தான் மனைவியால் தாங்க முடியவில்லை.

"அவரால முடியாதுடி!" என்று கத்திவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வியாதிடி அது. கையும் வராது, முகமும் வராது. உன் கல்யாணத்தன்னிக்கே இருந்திருக்கு. எங்க யாருக்கும் தெரியல. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் வாயக் கட்டிப்போட்டுட்டாரு."

மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். நடுங்குகிற வலது கையைப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கேவா?"

"அன்னிக்கு நான் நாள் பூரா சிரிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தேன்" என்றார் அவர். குரலும் இப்போது தாழ்ந்துபோயிருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "அது வெளிய வரலன்னு எனக்கே தெரியாது."

மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பா, ஆல்பத்துல உங்க படம் ஒண்ணுகூட இல்லப்பா. எதையும் போட வேண்டாம்னு நான்தான் சொல்லிட்டேன். அன்னிக்கிருந்த கோபத்துல எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்லிட்டேன்."

"பரவாயில்லம்மா. அந்த மூஞ்சிதான, போனாப் போகுது" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வேடிக்கை என்று காட்ட முகத்தில் வழியில்லாததால், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு மகள் வாராவாரம் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியாதபோது, "இப்ப என்னப்பா?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். "சிரிக்கிறேன்" என்பார். "கவலையா இருக்கு" என்பார். "ஒண்ணுமில்ல, கொட்டாவி" என்பார். பேசாமல் புரிந்துகொண்ட காலம் ஒன்று இருவருக்கும் இருந்தது. அதைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

ஆனால் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? மூன்று மாதத்தில் அது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது, அப்பாவைப் பார்த்துச் சிரித்தது, காய் விற்கிறவரைப் பார்த்துக்கூடச் சிரித்தது. தாத்தாவிடம் மட்டும் ஒரு கணம் உற்றுப் பார்க்கும். பொக்கை வாயைத் திறந்து சிரித்துக் காட்டும். பதிலுக்குக் காத்திருக்கும். எதிரே ஒரு அசைவும் இருக்காது. மெல்ல உதடு பிதுங்கும், பிறகு வீறிட்டு அழும். மகள் எவ்வளவோ முயன்றாள். "தாத்தாடா, தாத்தா பாரு" என்று கொஞ்சிக் கொஞ்சி நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"விடும்மா. அவ மேல தப்பில்ல" என்றார்.

ஒரு மாலை குழந்தை அழுது அடங்காமல் இருந்தது. அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். மகள் தயங்கிக்கொண்டே கொடுத்தாள். அவர் குழந்தையைத் தன் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை. இடது தோளில் சாய்த்து, அதன் கண் பின்பக்கம் பார்க்கும்படி போட்டுக்கொண்டார். வீட்டு வாசலை ஒட்டிய தாழ்வாரத்தில் நடக்கத் தொடங்கினார். மாத்திரை போட்டுக்கொண்டு, அது உடம்பில் வேலை செய்கிற நேரம். கால் சற்று இழுத்தது. ஆனாலும் நடை இருந்தது. அவர் விழுந்துவிடப் போகிறாரே என்று மகள் இரண்டு கைகளையும் ஏந்தியபடி ஒட்டிக்கொண்டே நடந்தாள்.

நாலைந்து திருப்பத்தில் அழுகை நின்றது. குழந்தை தோளின் மேலாகத் தெருவிளக்கைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டுச் சிரித்தது.

"சிரிக்கிறாளா?" என்று கேட்டார். குழந்தையின் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"சிரிக்கிறாப்பா."

"எப்படிச் சிரிக்கிறா, சொல்லு."

மகள் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் குழந்தையின் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். அவர் திரும்பவில்லை. திரும்பினால் குழந்தைக்கு முகம் தெரிந்துவிடும். மறுகோடி வரை போய் மெதுவாக வந்தார். கொஞ்ச நேரத்தில் தோள் தளர்ந்தது. "வாங்கிக்கோம்மா, கை விட்டுடும்போல இருக்கு" என்றார். மகள் தூங்கிப்போன குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.